நாலு மணிக் காற்று

ஆகஸ்ட். அம்பத்தூர். பகல் இரண்டு மணி.

மேல்காற்று வீசுகிறது. மொட்டைமாடிக் கொடியில் துணிகளெல்லாம் கிழக்கே சாய்ந்திருக்கின்றன. வேட்டி கொஞ்சம் அதிகமாக. தலையணை உறை கொஞ்சம் குறைவாக.

காற்றில் சூடு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கத்திலிருந்து இரும்பு அறுக்கும் வாசனையும் லேசாக.

துணி காய்ந்துவிட்டது. எடுக்கத் தோன்றவில்லை.

*

நேர்கிழக்கே போனால் கடல் 15 கிலோமீட்டர்தான். இங்கே யாரும் அப்படி நினைத்துப் பார்ப்பதில்லை. அம்பத்தூருக்கு ஏரி உண்டு, எஸ்டேட் உண்டு, ஓ.டி. பஸ் ஸ்டாண்டு உண்டு. கடல், ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் கூட்டிக்கொண்டு போகிற இடம்.

*

வெண்டைக்காய் நறுக்க விரித்த செய்தித்தாளில் ஒரு பையன். அலையின் மேல் குந்திய மாதிரி நிற்கிறான். இரண்டு கையும் இரண்டு பக்கம்.

மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப். 2025 ஆகஸ்ட் 3 முதல் 12 வரை. இந்தியாவில் நடப்பது இதுதான் முதல் தடவை. ஆண்கள், பெண்கள், 18 வயதுக்கு உட்பட்ட பையன்கள், 18 வயதுக்கு உட்பட்ட பெண்கள். நான்கு பிரிவு.

காம்புகள் தாளில் விழுகின்றன. வழவழப்பு ஊறி, பையனின் முழங்கால் கறுக்கிறது. தாளை மறுபக்கம் திருப்பிப் போடுகிறேன். அங்கே நகைக்கடை விளம்பரம்.

*

நாலு மணி ஆகப்போகிறது.

துணிகள் நேராகத் தொங்குகின்றன. எந்தப் பக்கமும் சாயவில்லை. தென்னை ஓலை அசையவில்லை. இரண்டு காற்றுக்கு நடுவில் ஓர் இடம் இது. இந்த இடத்துக்குப் பெயர் இருக்கிறதா தெரியவில்லை.

வியர்வை காது மடலுக்குப் பின்னால் இறங்குகிறது. அது இறங்குவது மட்டும் தெரிகிறது.

வேட்டியின் ஓரம் மேற்கே திரும்புகிறது.

கீழ்வீட்டு அம்மா வாசலில் நின்று யாருக்கோ சொல்கிறார். "கடக்காத்து வந்துடுச்சு."

*

கழுத்துதான் முதலில் அறிகிறது. அப்புறம் முன்கை. மூக்குக்கு ஒன்றும் இல்லை. இவ்வளவு தூரம் வருவதற்குள் உப்பும் மீனும் வழியிலேயே இறங்கிவிடுகின்றன. ஈரம் மட்டும் வந்து சேர்கிறது.

*

நிலம் சூடாகிறது. அதன் மேலிருக்கும் காற்று லேசாகி எழும்புகிறது. அந்த இடத்துக்குக் கடல்மேல் இருந்த குளிர்ந்த காற்று நகர்ந்து வருகிறது. பள்ளிக்கூடத்தில் படம் போட்டுப் படித்தது. படத்தில் அம்புக்குறி ஒரே நேரத்தில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

அப்படி வருவதில்லை. ஆடி மாதத்து மேல்காற்று பலமானது. அதை எதிர்த்துக் கடற்காற்று கரையிலேயே தயங்குகிறது. பகல் ஒரு மணிக்குக் கரை ஏறினால் அண்ணா நகர், பாடி, கொரட்டூர் என்று ஒவ்வொரு ஊராக நகர்ந்து இங்கே வர மூன்று, நாலு. ஆவடிக்கு இன்னும் பிந்தி. பூந்தமல்லிக்கும் அப்படித்தான்.

சில நாள் வருவதே இல்லை. அன்றைக்கு இரவு பத்து மணிக்கும் சுவர் சுடுகிறது. கட்டிலை விட்டுத் தரையில் படுக்கிறோம்.

*

அலையில் ஏறுகிறவர்களுக்கு இந்தக் காற்று வேறு.

காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று, உடையப் போகிற அலையின் முகத்துக்கு எதிரே நின்று அதைத் தாங்குகிறது. அலை நிமிர்ந்து, கொஞ்சம் தாமதித்து உடைகிறது. அந்தத் தாமதத்தில்தான் பலகை ஓடுகிறது. பகலுக்கு மேல் கடற்காற்று வந்தால் அலையை முதுகில் பிடித்துத் தள்ளுகிறது. முகம் நொறுங்கிப் போகிறது. ஆஃப்ஷோர், ஆன்ஷோர் என்று மாமல்லபுரத்துப் பையன்கள் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள்.

அங்கே ஆட்டத்தைக் கெடுக்கிற காற்றுக்காகத்தான் இங்கே மாடியில் உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த நினைப்பு இதற்கு மேல் எங்கும் போகவில்லை. அப்படியே இருக்கிறது.

*

விடியவில்லை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு. பூக்காரம்மா சாக்கை அவிழ்த்து மல்லியைக் கொட்டுகிறார். டீ பாய்லரின் ஆவி நேராக மேலே போகிறது. காற்று இல்லை.

தாம்பரம் பஸ். தாம்பரத்தில் இறங்கி 515. வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம், மாமல்லபுரம்.

கோவளம் தாண்டியதும் இடதுபக்க ஜன்னல் வெளுக்கிறது. சவுக்குத் தோப்பின் இடைவெளிகளில் ஒரு கோடு. வந்து போகிறது. வந்து போகிறது. பக்கத்து இருக்கையில் ஒருவர் வாய் திறந்து தூங்குகிறார். கோடு அவர் முகத்தின் மேலும் ஓடுகிறது.

*

மணலில் செருப்பைக் கழற்றுகிறேன்.

மேல்மணல் குளிர்ந்திருக்கிறது. பெருவிரல் உள்ளே போனால் அடிமணலில் நேற்றைய சூடு கொஞ்சம். இன்னும் ஆழத்தில் ஈரம்.

கரையோரம் கம்பங்களில் பல நாட்டுக் கொடிகள். எல்லாம் கடலைப் பார்த்துப் பறக்கின்றன.

*

ஒரு பெண். பதினைந்து, பதினாறு வயது இருக்கும். பலகையை மணலில் கிடத்தி மண்டியிட்டு மெழுகு தேய்க்கிறாள். உள்ளங்கை அகலக் கட்டி. சின்னச் சின்ன வட்டம். தலைப்பக்கத்திலிருந்து கால் வைக்கும் இடம் வரை. தேய்த்த இடத்தில் மெழுகு மணிமணியாகத் திரள்கிறது. வழுக்காமல் இருக்க அந்த மணிகள்தான் பாதத்தைப் பிடிக்கும்.

தேங்காய் வாசனை.

மணல் துகள் ஒன்று மெழுகில் ஒட்டிக்கொள்கிறது. நகத்தால் எடுக்கிறாள். இன்னொன்று. எடுக்கிறாள். காற்று மணலைக் கொண்டுவந்துகொண்டே இருக்கிறது. அவளுக்கு அதில் சலிப்பு இல்லை. சலிப்பு இல்லாததுபோல் இருக்கிறது.

எந்த நாட்டுப் பெண் என்று முதுகைப் பார்த்தால் தெரியும். முதுகு அந்தப் பக்கம்.

*

சங்கு ஊதுகிறது. கப்பல் சங்கு மாதிரி நீளமாக.

தண்ணீரில் நான்கு பேர். நான்கு நிறத்தில் மேல்சட்டை. கரையிலிருந்து பார்த்தால் முகம் தெரியாது, நிறம்தான் தெரியும். ஐந்து நடுவர்கள் ஒவ்வோர் அலைக்கும் பத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு, மிச்சம் மூன்றுக்குச் சராசரி. எத்தனை அலை ஏறினாலும் கணக்குக்கு இரண்டுதான். ஆகச் சிறந்த இரண்டு. மொத்தம் இருபதுக்கு.

மற்ற அலைகள் எங்கே போகின்றன என்று கேட்கத் தோன்றுகிறது. எங்கும் போவதில்லை. உடைந்துவிட்டன.

*

காத்திருக்கிறார்கள்.

பலகையில் கால் பரப்பி உட்கார்ந்து, கரைக்கு முதுகு காட்டிக்கொண்டு. இடுப்பு வரை தண்ணீர். கடல் மேலும் கீழும் போகிறது. அவர்களும் போகிறார்கள்.

ஒலிபெருக்கி மீதி நேரத்தைச் சொல்கிறது. தண்ணீரில் யாரும் திரும்பவில்லை.

ஓர் அலை வருகிறது. நால்வரும் பார்க்கிறார்கள். விட்டுவிடுகிறார்கள். அது கரைக்கு வந்து சாதாரணமாக உடைகிறது. எனக்கு நல்ல அலையாகத்தான் தெரிந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணுக்குக் கொஞ்சம் பிடிபடுகிறது. அலைகள் தனித்தனியாக வருவதில்லை. மூன்று, நாலு சேர்ந்து வருகின்றன. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. செட் என்கிறார்கள். ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவில் கடல் வெறும் தண்ணீர்.

சிவப்புச் சட்டைப் பையன் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி விடுகிறான். அள்ளி விடுகிறான். சங்கு ஊதுகிறது. அவன் ஓர் அலைதான் ஏறினான்.

*

இந்த அலைகள் இங்கே பிறந்தவை அல்ல. தென்கடலில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே நாற்பதாம் பாகை தாண்டி, நாள் கணக்கில் புயல் வீசுகிறது. அங்கே கிளம்புகிற நீர்மேடுகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே வருகின்றன. இலங்கையின் கிழக்குக் கரையை உரசிக்கொண்டு. பொத்துவில் பக்கம் அறுகம் குடாவிலும் இதே மாதங்களில்தான் அலைக்காரர்கள் கூடுகிறார்கள். அங்கே உடைந்தது போக மீதி இங்கே.

ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். போன வாரம் யாருமில்லாத கடலில் அடித்த காற்று, இன்றைக்கு ஒரு பையனின் காலுக்குக் கீழே வந்து சேர்கிறது.

தண்ணீர் வரவில்லை. தண்ணீர் அங்கேயே சுழன்று அடங்கிவிட்டது. அசைவு மட்டும் வந்திருக்கிறது.

*

கரையில் ஒரு மீனவர் வலையிலிருந்து நண்டு பிரிக்கிறார். போட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பேரன் வயதில் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து, கடலைப் பார்ப்பதும் வலையைப் பார்ப்பதுமாக இருக்கிறான்.

"கையைப் பாருடா, கடிச்சிடும்."

இந்தக் கரையில் அலைச்சறுக்குக்கு வந்த பிள்ளைகளில் நிறையப் பேர் குப்பத்துப் பிள்ளைகள். பலகை வருவதற்கு முன்னால் கடல் வந்துவிட்டது அவர்களுக்கு. கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தொடங்கிய பள்ளியில் எத்தனையோ பேர் கற்றிருக்கிறார்கள். மாமல்லபுரத்துக் கமலி என்ற சிறுமியைப் பற்றி அவள் பெயரிலேயே ஒரு படம் 2019இல் வந்தது.

நண்டின் ஒரு கால் வலையிலேயே தங்கிவிடுகிறது. பெரியவர் அதையும் எடுத்துக் கூடையில் போடுகிறார்.

*

கடற்கரைக் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுத்தது. கல்லின் முகங்கள் கரைந்து, இது சிங்கம், இது ஆள் என்று ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உப்புக்காற்று 1,300 வருடமாகத் தடவுகிறது. அரிப்பைத் தடுக்கக் கோயிலைச் சுற்றிக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள்.

2004 சுனாமிக்குப் பின் வடக்கே சாளுவன்குப்பத்தில் தோண்டியபோது, மணலுக்கு அடியில் செங்கல்லில் ஒரு முருகன் கோயில் கிடைத்தது.

மணல் மூடுகிறது. மணல் திறக்கிறது. அதற்கு இரண்டும் ஒன்று.

*

சர்வதேச அலைச்சறுக்குச் சங்கத்தின் போட்டிகளில் ஒரு சடங்கு உண்டு. இளையோர் உலகப் போட்டியிலும் உண்டு. ஒவ்வொரு நாட்டு அணியும் தன் கரையிலிருந்து கொஞ்சம் மணல் எடுத்து வருகிறது. தொடக்க நாளில், ஒருவர் பின் ஒருவராக வந்து ஒரே கண்ணாடிப் பெட்டியில் கொட்டுகிறார்கள். கறுப்பு மணல், வெள்ளை மணல், பழுப்பு மணல். பட்டை பட்டையாகத் தெரியும்.

போட்டி முடிந்தபின் அந்த மணலை என்ன செய்கிறார்கள்?

பெட்டியை அசைத்தால் பட்டை கலைந்துவிடும். அசைக்காமல் எப்படி எடுத்துப் போவது. கொஞ்ச நேரம் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

*

அம்பத்தூரிலிருந்து எதை எடுத்துப் போவது.

தெருமுனையில் வீடு கட்டுகிறார்கள். லாரி வந்து எம்-சாண்ட் கொட்டிப் போயிருக்கிறது. கருங்கல்லை உடைத்த தூள். கையில் எடுத்தால் உறுத்துகிறது. ஒவ்வொரு துகளுக்கும் முனை இருக்கிறது. அலை உருட்டிய கடல்மணலுக்கு அந்த முனை இல்லை. அது விரலிடுக்கில் தங்காமல் போகிறது.

ஏரிக்கரை மண் வேறு. கறுப்பாக, காய்ந்தால் வெடித்து, நனைந்தால் செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும்.

*

ஆவடிப் பக்கம் ஒரு மைதானம். மூலையில் செவ்வகமாகப் பள்ளம் தோண்டி மணல் நிரப்பியிருக்கிறார்கள். பீச் வாலிபால். கடலில்லாத ஊரில் கரை மட்டும்.

16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். பக்கத்துக்கு இருவர். மாற்று ஆள் கிடையாது. வெறுங்கால். மணல் 40 சென்டிமீட்டராவது ஆழம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. இங்கே அவ்வளவு இல்லை. எம்பிக் குதித்து இறங்குகிற பெண்ணின் குதிகால் அடிமண்ணைத் தொடும் சத்தம் கேட்கிறது.

ஏழு புள்ளிக்கு ஒரு தடவை பக்கம் மாறுகிறார்கள். ஐந்து பேர் பார்த்தாலும், ஐயாயிரம் பேர் பார்த்தாலும். திறந்த வெளியில் ஒரு பக்கத்துக்குக் கண்ணில் வெயில், இன்னொரு பக்கத்துக்கு முதுகில் காற்று. யாருக்கும் ஒன்றே வாய்த்துவிடக் கூடாது என்று விதி எழுதியவர் நினைத்திருக்கிறார்.

விளையாட்டு விதிகளில் இது ஒன்று எனக்குப் பிடிக்கிறது. காற்றையும் பங்கு போடுகிறது.

*

2026 அக்டோபர் 31இல் செனகல் நாட்டு டக்காரில் இளையோர் ஒலிம்பிக் தொடங்கும். ஆப்பிரிக்காவில் நடக்கப்போகும் முதல் ஒலிம்பிக் அது. ஆட்டங்கள் நடக்கும் ஊர்களில் ஒன்று சாலி. கடலோரத்தில் இருக்கிறது. அந்தக் கரையிலும் காற்று எந்நேரம் மாறும் என்று அங்கே யாராவது ஒருவர் இப்போதே பார்த்து வைத்திருப்பார்.

மைதானத்தில் பெண்கள் பக்கம் மாறுகிறார்கள். வலைக்கு அடியில் குனிந்து போகாமல், கம்பத்தைச் சுற்றி நடக்கிறார்கள். ஒருத்தி போகிறபோக்கில் காலால் பள்ளத்தை மூடிவிட்டுப் போகிறாள்.

*

சென்னைக் கரையில் மணல் நடந்துகொண்டே இருக்கிறது. வருடத்தில் முக்கால்வாசி நாள் வடக்குப் பார்த்து. அலை சாய்ந்து வந்து துகளைக் கொஞ்சம் வடக்கே தள்ளும், திரும்பும்போது நேராக இழுக்கும். மறுபடி சாய்வாக. அப்படியே ஊர்ந்து போகிறது.

1876இல் துறைமுக வேலை ஆரம்பித்தது. கடலுக்குள் கல் சுவர் நீண்டது. நடந்த மணல் அங்கே நின்றது. சுவருக்குத் தெற்கே கரை வருடா வருடம் அகன்று அகன்று மெரினா ஆனது. 1884இல் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு அந்தப் பெயரை வைத்தார்.

சுவருக்கு வடக்கே மணல் வரவில்லை. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடல் உள்ளே வந்தது. தெருக்கள் போயின. இப்போது அங்கே கரை முழுக்கக் கருங்கல்.

ஒரே சுவர். இந்தப் பக்கம் சுண்டல், குதிரை, பட்டம். அந்தப் பக்கம் கல்.

*

கூவம் எங்கள் பக்கத்து ஆறு. பருத்திப்பட்டு, திருவேற்காடு, மதுரவாயல் என்று போய் நேப்பியர் பாலத்தடியில் கடலைச் சேர வேண்டும். நடக்கும் மணல் அந்த வாயையும் அடைக்கிறது. இயந்திரம் வைத்துத் தோண்டுகிறார்கள். மறுபடி அடைக்கிறது.

திருவேற்காட்டுப் பாலத்தில் நின்று பார்க்கிறேன். ஆகாயத்தாமரை அசையாமல் நிற்கிறது. பச்சை. நடுவில் ஒரு கொக்கு. அதன் ஒரு கால் தெரிகிறது.

*

மாமல்லபுரம். நண்பகல் தாண்டியாயிற்று.

கொடிகள் கடலைப் பார்த்துப் படபடத்துக்கொண்டிருந்தன. இப்போது கம்பத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. ஒரு கொடி பாதி எழும்பி விழுகிறது. எந்த நாடு என்று தெரியவில்லை, மடிப்புக்குள் போய்விட்டது.

தண்ணீரில் இருக்கும் பையன் ஒருவன் தலையைத் திருப்பிக் கன்னத்தைக் கடலுக்குக் காட்டுகிறான். கன்னத்தால் பார்க்கிறான்.

தூரத்தில் கடலின் நிறம் ஒரு கோடு மாறுகிறது. கரும்பட்டை. கரையைப் பார்த்து வருகிறது.

கொடிகள் எழும்புகின்றன. இந்த முறை ஊரைப் பார்த்து. எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பவில்லை. கடலோரத்துக் கொடி முதலில். கடைசிக் கொடி வரைக்கும் மெல்ல ஒவ்வொன்றாக.

அலையின் முகத்தில் சுருக்கம் விழுகிறது. அடுத்த அலையில் இன்னும். மெழுகு தேய்த்த பெண் எங்கேயோ நின்று சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். தயிர்சாதம் மாதிரி இருக்கிறது. அவளாக இல்லாமலும் இருக்கலாம்.

பொட்டலக் கடைக்காரர் அடுப்புக்குத் தகரத் தடுப்பை மறுபக்கம் மாற்றி வைக்கிறார்.

*

திரும்பும் பஸ்.

காற்றும் மேற்கே போகிறது, நானும் மேற்கே போகிறேன். கேளம்பாக்கத்தில் அது எனக்கு முன்னால் இருக்கிறது. வேப்பமரங்கள் மேற்கே சாய்கின்றன. வண்டலூரில் மரங்கள் சும்மா நிற்கின்றன. அதைத் தாண்டி வந்துவிட்டேன்.

வெளிவட்டச் சாலை. மேல்காற்று இன்னும் இருக்கிறது. புழுதி கிழக்கே பறக்கிறது. டிரைவர் துண்டால் கழுத்தைத் துடைக்கிறார். ஜன்னல் கம்பி சுடுகிறது. நசரத்பேட்டையில் இறங்கி நிற்கிறேன்.

கடற்காற்று இன்னும் வரவில்லை. எங்கேயோ பின்னால், மாங்காட்டிலோ போரூரிலோ வந்துகொண்டிருக்கும்.

முதல் தடவையாக, வருவதற்கு முன்னால் அது எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. தெரிந்து ஒன்றும் ஆகப் போவதில்லை. கரும்புச்சாறு வாங்கிக் குடிக்கிறேன். ஐஸ் வேண்டாம் என்று சொல்ல மறந்துவிடுகிறது. பல் கூசுகிறது.

*

செம்பரம்பாக்கம் ஏரி. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும். இப்போது அவ்வளவு இல்லை.

கரை கிழக்குப் பக்கம். பகல் முழுக்க மேல்காற்று சின்ன அலைகளைத் தள்ளிக்கொண்டு வந்து கரைக்கல்லில் அடிக்கிறது. சளக். சளக். அது தேய்ந்து நிற்கிறது. பிறகு தண்ணீரின் மேல் சொரசொரப்பாக ஒரு திட்டு ஓடுகிறது. மேற்கே.

இப்போது அலைகள் என்னை விட்டுப் போகின்றன.

கரையில் உட்கார்ந்து ஒருவர் போனில் பேசுகிறார். "ஆமாண்ணே. இல்லண்ணே. நாளைக்குப் பார்த்துக்கலாண்ணே."

*

சில நாள் மேல்காற்றும் கடற்காற்றும் எங்கள் தலைக்கு மேல் முட்டிக்கொள்கின்றன. இரண்டும் விட்டுக்கொடுப்பதில்லை. போக இடமில்லாமல் ஈரக்காற்று மேலே ஏறுகிறது. மேகம் கட்டுகிறது. ஆறு மணிக்கு ஆவடியில் இடி. அம்பத்தூரில் மழை. பூந்தமல்லியில் கரண்ட் இல்லை. மெரினாவில் இருப்பவர்கள் மேற்கே மின்னலைப் பார்த்துக்கொண்டு சோளம் தின்கிறார்கள். அங்கே ஒரு சொட்டு விழுவதில்லை.

கடல் அனுப்பியது கடற்கரைக்குக் கிடைப்பதில்லை என்று ஒரு வாக்கியம் வருகிறது. கொஞ்சம் அழகாக இருக்கிறது. அதனால் சந்தேகமாகவும் இருக்கிறது.

மாடியில் துணி நனைகிறது. ஓடுகிறேன்.

*

ஆகஸ்ட் 12. இறுதி நாள்.

ஆண்கள் பிரிவில் ரமேஷ் புடிஹால் மூன்றாவது. 20க்கு 12.60. ஆசியப் போட்டியில் தனிநபர் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர். தென் கொரியாவுக்கு முதலிடம், இந்தோனேசியாவுக்கு இரண்டாவது.

ரமேஷுக்குக் கர்நாடகத்துக் குடும்பம். வளர்ந்ததும் அலை பழகியதும் கேரளத்துக் கோவளத்தில். நம் கோவளம் வேறு. அதன் வழியாகத்தான் 515 போகிறது.

இரண்டு அலைகளின் கூட்டுத்தொகை 12.60. ஒரு வாரம் நடந்து வந்த இரண்டு அலைகள். அவை இப்போது இல்லை. எண் இருக்கிறது.

*

இரவு. மின்விசிறியின் சத்தம்.

பஸ்ஸில் வந்த மணல் இன்னும் கால்சட்டை மடிப்பில் இருக்கிறது. தரையில் உதிர்கிறது. காலில் நெருடுகிறது. பெருக்க எழுந்திருக்கவில்லை.

மூச்சு வருகிறது, போகிறது. இதையும் கடலையும் சேர்த்து ஏதாவது எழுதுவது சுலபம். எழுதவில்லை.

*

கீழ்வீட்டுப் பையன் எட்டாவது படிக்கிறான். போட்டியின் வீடியோக்களை மாடிப்படியில் உட்கார்ந்து பார்க்கிறான். ஓட விட்டு, நிறுத்தி, மறுபடி.

"அங்கிள், நம்ம ஊர்ல இருந்து யாராச்சும் போயிருக்காங்களா?"

"தெரியலப்பா."

"நான் போலாமா?"

உள்ளேயிருந்து அவன் அம்மாவின் குரல். "முதல்ல நீச்சல் கத்துக்கடா. அப்புறம் அலை மேல ஏறலாம்."

நியாயமாகத்தான் படுகிறது. அவனுக்கும் படுகிறது போல. நீச்சல் குளம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறான். முகப்பேர் பக்கம் கேட்டுப் பார்க்கலாம் என்கிறேன். மாதம் எவ்வளவு? தெரியாது. ஏரியில் பழகலாமா? கூடாது. ஏன்? சேறு, பாசி, கழிவுத் தண்ணீர். சொல்லிக்கொண்டு போகிறேன். போனில் தேடுகிறான். இரண்டு இடம் காட்டுகிறது. ஒன்றில் யாரும் போனை எடுக்கவில்லை. இன்னொன்றில், காலை ஆறு மணி பேட்ச்சில் இடம் இருக்கிறதாம்.

"பஸ் எத்தனை மணிக்கு அங்கிள்?"

"காலாண்டுப் பரீட்சை முடியட்டும்" என்கிறார் அம்மா.

பரீட்சை செப்டம்பரில்.